வெளிநாட்டுப் பார்சலுக்கு வாசல் விலை போடுவது எப்படி

காங்கேயத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவை, கூரியர் புக்கிங் எல்லாம் சேர்ந்த ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். சுற்றுப்பட்ட தோட்டத்துக்காரர்கள், திருப்பூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள், பென்ஷன் வாங்கும் வாத்தியார்கள் என்று பலரும் ஆர்டர் போட்டுத் தரச் சொல்லி வருவார்கள். "ஏனுங் அம்மணி, அன்னைக்கே காசு கட்டிப்போட்டமே, இப்ப இன்னும் மூவாயிரம் கேக்கறானே?" என்று ஒருவர் வந்து நின்றால் அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு ஆறாது. தேங்காய் விற்ற காசு அது, மஞ்சள் மண்டியில் நாள் முழுக்கக் காத்திருந்து வாங்கி வந்த காசு அது. அதனால் யார் வந்தாலும் ஒரு துண்டுச் சீட்டில் வாசல் விலையை எழுதிக் காட்டிவிட்டுத்தான் பணம் கட்டச் சொல்கிறேன். பொருள் வீட்டுக்குள் வந்து சேரும்வரை கையை விட்டுப் போகும் மொத்தப் பணம்தான் வாசல் விலை.

முதலில் பொருள் எந்த நாட்டிலிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். விலை ரூபாயில் இருக்கிறது, படத்தில் சேலை கட்டிய பெண் நிற்கிறாள் என்பதற்காக உள்ளூர்க் கடை என்று நம்பிவிட வேண்டாம். பக்கத்தின் அடியில் ஷிப்பிங் பாலிசி என்று ஒன்று இருக்கும். டெலிவரிக்கு 12 முதல் 25 நாள், இறக்குமதி வரி வாங்குபவர் பொறுப்பு என்று அங்கே எழுதியிருந்தால் பொருள் கடல் தாண்டித்தான் வருகிறது. இந்தியாவில் விற்கும் தளம் குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் காட்ட வேண்டும். பொருள் எந்த நாட்டில் தயாரானது என்றும் சொல்ல வேண்டும். 2020-ல் வந்த மின்வணிக விதிகளில் இவை இருக்கின்றன. இவை எதுவுமே இல்லாத பக்கத்தில் நான் யாருக்கும் ஆர்டர் போட்டுத் தருவதில்லை.

வெளிநாடு என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, வரி உள்ளடக்கமா இல்லையா. பில் போடும் இடத்தில் டிடிபி என்று இருந்தால் வரியையும் விற்பவரே கட்டி அனுப்புகிறார். டிடியு அல்லது டிஏபி என்றால் வரி உங்கள் தலையில். சில பெரிய தளங்கள் இறக்குமதிக் கட்டண டெபாசிட் என்று முன்னாலேயே பிடித்துக்கொண்டு, உண்மையான வரி குறைவாக வந்தால் மீதியைத் திருப்பித் தரும். எனக்குப் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் வாசலில் திடுக்கிட வேண்டியதில்லை. இதில் எதுவுமே எழுதாமல் வெறுமனே 'ஃப்ரீ ஷிப்பிங்' என்று மட்டும் இருந்தால், வரி உங்களுடையது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கணக்கு. தாராபுரத்தில் ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியார் ஒருவர் தன் தொலைநோக்கிக்கு ஒரு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) கேட்டு வந்தார். பொருள் 8,000 ரூபாய், கூரியர் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "பதினோராயிரம்தானே" என்றார். சீட்டில் எழுதிக் காட்டினேன்.

சுங்கத்துறை பொருள் விலைக்கு மட்டும் வரி போடுவதில்லை. பொருள் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டி அதன்மேல் போடும். விமானத்தில் வரும் பொருளுக்கு அனுப்பும் செலவை எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது: 2007 சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஆக 3,000 கட்டியிருந்தாலும் கணக்கில் 1,600 மட்டும்தான் ஏறும். காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம், அதாவது 90 ரூபாய். மதிப்பு 9,690 ஆகிறது.

இதன்மேல் சுங்க வரி. சொந்த உபயோகத்துக்கு வரும் பொருளுக்கு இது முன்பு 35 சதவீதமாக இருந்து, 2025 பட்ஜெட்டில் 20 ஆகி, 2026 பட்ஜெட்டில் 10 என்று அறிவிக்கப்பட்டது. 10 சதவீதம் என்றால் 969 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 10,659. அந்த மொத்தத்தின்மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரில் இது 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. 18 சதவீதம் என்றால் 1,919 ரூபாய். ஆக வரி மட்டும் 2,888. சில பொருளுக்கு சமூக நலக் கூடுதல் வரி என்று சுங்க வரியின்மேல் இன்னொரு 10 சதவீதம் வரும். விகிதங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் ஆர்டர் போடும் அன்றைக்கு என்ன விகிதம் என்று பார்த்து எழுதுங்கள். டாலரை ரூபாயாக மாற்றும்போதும் சுங்கத்துறை தான் அறிவித்த மாற்று விகிதத்தைத்தான் எடுக்கும், கூகுளில் பார்க்கும் விகிதத்தை எடுக்காது.

இன்னும் முடியவில்லை. கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பணத்தில் கட்டினால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை மார்க்கப் என்ற கூடுதல் கட்டணம் பிடிக்கும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 11,000-க்கு அது ஏறக்குறைய 454 ரூபாய். வெளிநாட்டுத் தளம் "ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் இன்னும் மோசம். கடைசியில் கூரியர் கம்பெனி உங்களுக்காக வரியை முன்கூட்டிக் கட்டியதற்குத் தனிச் சேவைக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் போடும். அந்தத் தொகை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அவர்கள் கட்டணப் பட்டியலில் இருக்கும்.

வாத்தியாருக்கு வாசல் விலை 14,342, கூரியர் சேவைக் கட்டணம் தனி. அதைப் பார்த்துவிட்டு, இந்திய விற்பனையாளர் ஒருவரிடம் கொஞ்சம் விலை கூடுதலாக இருந்த அதே பொருளை வாங்கினார். வாரண்டியும் கிடைத்தது. வாங்காதீர்கள் என்று நான் யாரையும் தடுப்பதில்லை. தெரிந்து வாங்கட்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

கூரியர்காரர் பணம் கேட்டால், சுங்கத்தில் பதிவாகும் இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் பொருளின் மதிப்பு, சேர்த்த அனுப்பும் செலவு, எந்த வரி எவ்வளவு என்பதெல்லாம் வரிவரியாக இருக்கும். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் எங்கே கூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேள்வி கேளுங்கள், கட்டி வாங்கிய பிறகு நியாயம் கேட்பது பெரும்பாடு.

அடையாளச் சான்று சரிபார்க்கும் கேஒய்சி விஷயத்தில் எங்கள் பக்கம் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஆர்டரில் இனிஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயரை விரித்து எழுதிய இன்னொரு பெயர். இரண்டும் பொருந்தாமல் பார்சல் விமான நிலையத்தில் கிடக்கும், கிடக்கக் கிடக்க இருப்பு வாடகை ஏறும். ஆதாரில் இருப்பதுபோலவே பெயரை எழுதி ஆர்டர் போடுங்கள். கதவு எண் இல்லாத தோட்டத்து வீடாக இருந்தால் பக்கத்துக் கோயில், ரைஸ் மில், பஸ் நிறுத்தம் ஏதாவது ஒன்றை முகவரியிலேயே சேர்த்துவிடுங்கள்.

தபாலில் வந்தால் கதை வேறு. தமிழ்நாட்டுக்கு வருவது பெரும்பாலும் சென்னை வெளிநாட்டு அஞ்சலகத்தில் சுங்கச் சோதனை முடிந்து வரும். வரி இருந்தால் தபால்காரர் ரசீதோடு வாங்கிக்கொள்வார். டிராக்கிங் எண் முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் 9 எண், பின்னால் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து என்று இருந்தால் அது தபால்.

"பையன் அமெரிக்காவுல இருக்கறான், கிஃப்ட்டுன்னு எழுதி அனுப்பச் சொல்லீர்லாமா?" என்று கேட்காத ஆள் இல்லை. முடியாதுங்க. 2019 டிசம்பரிலிருந்து தபாலிலும் கூரியரிலும் கிஃப்ட் என்று சொல்லி வரியில்லாமல் இறக்குமதி செய்யத் தடை, முழு வரி கட்டினால் கொண்டுவரலாம். உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிறுக்கும் மட்டும் விலக்கு. விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் வேண்டாம். பிடித்துவைத்தால் பொருளும் போகும், அபராதமும் வரும். பையன் ஊருக்கு வரும்போது பெட்டியில் கொண்டுவரச் சொல்லுங்கள், பயணிகள் கொண்டுவரும் பெட்டிக்கு வரிச் சலுகை தனியாக இருக்கிறது.

திருப்பூர், கரூர் பக்கம் தையல் மெஷினுக்கு போர்டு, லூப்பர் என்று உதிரிபாகம் வரவழைப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. தொழிலுக்கு வருவது சொந்த உபயோகம் ஆகாது. ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதிப் பதிவு எண் வேண்டும், வெளிநாட்டு வணிக இயக்ககமான டிஜிஎஃப்டியின் தளத்தில் 500 ரூபாயில் எடுக்கலாம். வரி அந்தந்தப் பொருளின் வகையைக் காட்டும் ஹெச்எஸ் குறியீட்டின்படி. உங்கள் ஜிஎஸ்டி எண் பில் ஆஃப் என்ட்ரியில் ஏறியிருந்தால் கட்டிய ஐஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிக்கலாம். அந்த எண்ணைக் கூரியரிடம் முன்னாலேயே கொடுக்காமல் விட்டுப் பணத்தை இழப்பவர்கள் உண்டு.

விதைக்கும் நாற்றுக்கும் ஆசைப்படும் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அவகாடோ, டிராகன் பழம் என்று எது வந்தாலும் 2003 தாவரத் தனிமைப்படுத்தல் ஆணையின்படி இறக்குமதி அனுமதியும் அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். இல்லாமல் வந்தால் அங்கேயே நின்றுவிடும், காசு நஷ்டம்தான் மிச்சம். முழு டிரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியிலிருந்து தடை. கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகள் கவனிக்கவும்.

உள்ளூர் ஆர்டரிலும் கடைசிப் பக்கத்தில் புதுப்புதுக் கட்டணம் முளைக்கும். கேஷ் ஆன் டெலிவரிக்குத் தனி, பிளாட்ஃபார்ம் ஃபீ தனி, கேட்காமலே டிக் போட்ட இன்ஷூரன்ஸ் தனி. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள் கடைசியில் விலையை ஏற்றுவதையும் கூடைக்குள் பொருளை நுழைப்பதையும் தவறான வணிக உத்தி என்றே சொல்கின்றன. கனமான சாமான் லாரி பார்சலில் வந்தால் 'டூ பே'யா, அதாவது வாடகையை வாங்குபவர் கட்ட வேண்டுமா என்று கேளுங்கள். லாரி ஆபீஸில் வாடகையோடு இறக்குகூலியும் கேட்பார்கள். தாளவாடி, பர்கூர் மாதிரி மலைப்பக்கம் என்றால் பின்கோடைப் போட்டு, கூரியர் வீடு வரை வருமா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

'உங்கள் பார்சல் நிற்கிறது, 25 ரூபாய் கட்டுங்கள்' என்று லிங்க்கோடு எஸ்எம்எஸ் வந்தால் தொடாதீர்கள். அஞ்சல் துறை பெயரில் இந்த மோசடி நடக்கிறது. கார்டு விவரம் போட்டதும் கணக்கையே துடைத்துவிடுவார்கள். சுங்கத்துறை அதிகாரி என்று போன் செய்து, கைது என்று மிரட்டி, தனியார் கணக்குக்குப் பணம் கேட்பதும் பொய். சுங்கத்துறையின் கடிதத்தில் டின் என்ற ஆவண எண் இருக்கும், அதை அவர்கள் தளத்தில் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930-க்கு அழையுங்கள்.

விற்ற தளம் சொல்லாத கட்டணத்தை வாங்கியிருந்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். பணம் கட்டும் முன்பு தெரிந்த கடைசிப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், கூரியர் ரசீது மூன்றும் கையில் இருக்கட்டும். அதில் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் எடுக்க எந்த ஜெராக்ஸ் கடைக்கும் போகலாம், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.