'சியர்' எங்கிருந்து வந்தது? சொல்லின் வேரைத் தேடும் வழி

தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் டியூஷன் எடுக்கிறேன். பத்துச் சொல்லை மனப்பாடம் பண்ண வைப்பதைவிட, ஒரே சொல்லைப் பிடித்து வேர்வரை போகவைப்பது எனக்குப் பிடிக்கும். உற்சாகத்தைக் குறிக்கும் 'சியர்' (cheer) என்ற ஆங்கிலச் சொல் அதற்குத் தோதானது.

பாக்கெட் அகராதி வேண்டாம். பொருளைச் சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய சேம்பர்ஸ் ஆங்கில அகராதி கண்ணில் பட்டால், அட்டை கிழிந்திருந்தாலும் பேரம் பேசி வாங்கிவிடுங்கள். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ள பதிவின் கடைசியில், சதுர அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. 'ஓ.எஃப்ஆர்.' என்றால் பழைய பிரெஞ்சு, 'எல்.எல்.' என்றால் பிற்கால லத்தீன். இடமிருந்து வலம் படிக்கப் படிக்கக் காலம் பின்னால் போகும்.

சியருக்குப் போனால் பழைய பிரெஞ்சில் 'சியெர்', அதற்கு முன் லத்தீனில் 'காரா'. இரண்டுக்கும் பொருள் முகம்!

அடுத்து, பொருள்களைக் கால வரிசையில் அடுக்குங்கள். 13-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சியர் வெறும் முகம். பிறகு முகத்தில் தெரியும் மனநிலை. அது நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். அதனால்தான் 'குட் சியர்' என்று அடைமொழி போட்டார்கள். நாளாவட்டத்தில் நல்லது மட்டும் ஒட்டிக்கொண்டது. மலர்ந்த முகத்தோடு போடும் விருந்துக்கும் அதே பெயர் வந்தது. பிரெஞ்சில் 'பான் ஷேர்' என்றால் இன்றைக்கும் நல்ல சாப்பாடுதான். 'முகனமர்ந்து நல்விருந்து ஓம்புவான் இல்' என்று 84-ஆம் குறளில் முகமும் விருந்தும் சேர்ந்தே வருவதை இங்கே சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. ஆரவாரக் கூச்சல் 18-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. கிளாஸை முட்டிச் சொல்லும் 'சியர்ஸ்' 20-ஆம் நூற்றாண்டுக்காரர்.

அகராதியை மட்டும் நம்பாமல் பழைய வாக்கியத்தில் பொருத்திப் பாருங்கள். ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் காதல் ஏக்கத்தில் வாடும் ஹெலனாவை 'பேல் ஆஃப் சியர்' என்கிறான் ஓபெரான். உற்சாகம் என்று வைத்தால் உளறல். முகம் வெளுத்தவள் என்றால் சரியாக உட்காரும். 1611-இன் ஆங்கில வேதாகமத்தில், கடல்மேல் நடந்துவரும் இயேசு படகில் அலறும் சீடர்களிடம் 'பி ஆஃப் குட் சியர்' என்கிறார். தமிழில் 'திடன்கொள்ளுங்கள்'. சர்ச்சுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். அந்த நேரத்தில் 'ஜாலியாக இருங்கள்' என்றா சொல்லியிருப்பார்?

ஒரு கண்ணி உண்டு. வகுப்பில் யாராவது ஒருவன் எழுந்து, "டீச்சர், 'சிரி'யிலிருந்துதானே 'சியர்' வந்துச்சு?" என்பான். திட்டாதீர்கள், நல்ல கேள்வி. பழைய வடிவத்தைக் காட்டுங்கள்: 'கா' என்றுதான் தொடங்குகிறது. லத்தீன் 'கா' பிரெஞ்சுக்குள் போனபோது 'ச' ஆன சொற்கள் நிறைய. தலையைக் குறிக்கும் 'காபுட்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து 'கேப்டன்' வந்தது, பிரெஞ்சு வழியாக 'சீஃப்' வந்தது. கேப்டனுக்கும் சீஃப் மினிஸ்டருக்கும் ஒரே வேர் என்றால் வகுப்பே முழித்துக்கொள்ளும். நான் அரசியல் பேசவில்லை.

வீட்டுப்பாடம்: கலகலப்பைக் குறிக்கும் 'ஜோவியல்'. ஜாதகம் பார்க்கும் வீடுகளில் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள். வியாழக் கிரகத்துக்கு லத்தீனில் என்ன பெயர் என்று கேட்டுத் தொடங்குங்கள்.