கடற்கரை வீட்டின் எண் பூட்டு

திருவான்மியூரில் கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டு வெளிக்கதவில் பொருத்தியிருந்த எண் பூட்டு, இரண்டாவது ஐப்பசி மழைக்குப் பிறகு, எண்களை அழுத்தினாலும் சில வேளைகளில் திறக்க மறுத்தது. பேட்டரி மூடியைக் கழற்றியபோது, உப்புக்காற்றினால் தகட்டு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது தெரிந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பல்துலக்கியால் அதைத் தேய்த்தெடுத்து, நன்றாக உலரவிட்டுப் புதிய பேட்டரிகளைப் போட்டதும் பூட்டு பழையபடி இயங்கியது.

பிறகு மேல்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் சிலிகோன் பசை பூசினேன். உள்ளே புகும் நீர் வடிய வழி வேண்டும் என்பதால் கீழ்விளிம்பை அடைக்கவில்லை. மழையும் வெயிலும் நேரே படாதிருக்க, அலுமினியத் தகட்டை வளைத்துச் சிறு கூரையும் அமைத்தேன். எண்ணெயில் தூசி ஒட்டும் என்பதால், சாவித் துவாரத்துக்குக் கிராஃபைட் தூளையே பயன்படுத்தினேன்.

என்னை உண்மையில் கலங்கச் செய்தது வேறொன்று. நாங்கள் அன்றாடம் அழுத்திய நான்கு எண்கள் மட்டும் வெளுத்துத் தேய்ந்திருந்தன. அந்நான்கையும் ஒருவர் கவனித்துவிட்டால், அவர் முயல வேண்டிய வரிசைகள் 10,000 அல்ல, வெறும் 24 தான். அன்று மாலையே, அதுவரை தொடாத எண்களைக் கொண்டு புதிய குறியீட்டை அமைத்தேன். இப்போது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தவறாமல் மாற்றிவருகிறேன்.