கழிவுநீர்க் குழாயைப் பிசிறில்லாமல் அறுக்க எந்தக் கருவி?

பாபநாசம் அருகே ஓர் ஓட்டு வீட்டில் கொல்லைக் குளியலறை அடிக்கடி அடைத்துக்கொண்டே இருந்தது. கம்பி விட்டுக் குத்திச் சலித்துப்போன பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். களிமண்ணைத் தோண்டி இணைப்பைக் கழற்றினேன். குழாயின் உள்விளிம்பில் நகக்கீற்று அளவுக்குப் பிசிறு. அதில் தலைமுடி மாட்டி, முடியில் தேங்காய் நார் மாட்டி, அதன்மேல் சீயக்காய்ச் சக்கை படிந்து குருவிக்கூடுபோல் திரண்டிருந்தது. எங்கள் டெல்டாத் தரை தட்டையானது. குழாய்க்குச் சரிவு கிடைப்பதே பெரும்பாடு. மெல்ல ஓடும் தண்ணீர், பிசிறில் சிக்கியதை இழுத்துக்கொண்டு போகாது. அதனால்தான் இந்த வேலையில் அறுக்கும் கருவியை நான் அவ்வளவு பார்த்துப் பார்த்து எடுக்கிறேன்.

வீட்டுக்குப் பெரும்பாலும் 75, 110 மி.மீ. பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய்கள்தான். இரண்டுக்கும் ஹேக்சா, அதாவது சட்டத்தில் பிளேடு பூட்டிய ரம்பம், போதும். கவனிக்க வேண்டியது பிளேடை. அங்குலத்துக்கு 24 பல் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். எண் பிளேடிலேயே அச்சிட்டிருக்கும். மலக்குழாய்க்கு வாங்கும் ‘பி’ வகைக் குழாயின் சுவர் 3.2 மி.மீ.க்குக் குறையாது. 24 பல் பிளேடு என்றால் அந்தத் தடிமனில் எப்போதும் மூன்று பல் உட்கார்ந்திருக்கும். 18 பல்லில் இரண்டுதான் உட்காரும். பிளேடு துள்ளி விளிம்பைக் கடித்துவிடும். பல்லின் முனை கைப்பிடிக்கு எதிர்ப்புறம் பார்க்க வேண்டும். பிளேடைச் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும் அளவுக்குத் திருகை இறுக்குங்கள். தளர்ந்த பிளேடு வளையும், வெட்டும் கோணலாகும்.

110 மி.மீ. குழாயை ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டே போனால் பல ஹேக்சாக்களின் சட்டம் குழாயின் முதுகில் இடித்து நின்றுவிடும். கோட்டில் சிறிது அறுத்து, குழாயை உங்கள் பக்கம் உருட்டி, மேலும் சிறிது அறுத்து என்று சுற்றி வர வேண்டும். நாள் முழுக்க இந்தக் குழாயோடுதான் வேலை என்றால் நுண்பல் கைரம்பம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குச் சட்டம் கிடையாது, தடையின்றி இறங்கும். நான் இப்போது அதைத்தான் அதிகம் எடுக்கிறேன்.

அறுக்கும் கோடு போடப் பழைய நாளிதழ் போதும். 110 மி.மீ. குழாயின் சுற்றளவு ஏறத்தாழ 34½ செ.மீ. விரித்த தாளை நீளவாக்கில் மடித்துச் சுற்றினால் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும். அவை பிசகாமல் பொருந்தினால் கோடு நேர். கண்மதிப்பில் அறுக்காதீர்கள்.

கைப்பிடியை அழுத்த அழுத்தப் படிப்படியாக இறங்கும் ராட்செட் கத்தரி சிறு குழாய்க்கு அருமையான கருவி. ஆனால் 110 மி.மீ.க்கு அதன் வாய் போதாது. வெயிலில் காய்ந்த பழைய குழாயானால் நசுக்கிக் கீறல் விட்டுவிடும். மின்சாரத்தில் சுழலும் வெட்டுத்தட்டு கிரைண்டரைத் தொடவே வேண்டாம் என்பேன். சூட்டில் பிளாஸ்டிக் உருகி உள்ளே சுருண்டு கெட்டிப்படும். கருகினால் வரும் புகை மூக்கையும் தொண்டையையும் எரிக்கும்.

சுவரோரம் ரம்பம் நுழையாத இடத்துக்கு நைலான் கயிறு இருக்கிறது. குழாய்க்குப் பின்னால் விட்டு, இரு முனைகளையும் பிடித்து நீளமாக மாறி மாறி இழுத்தால் உராய்வுச் சூடே அறுத்துவிடும். குட்டையாக இழுத்தால் ஒரே இடம் சூடேறிக் கயிறுதான் அறும்.

அறுத்ததும் உள்ளே அரைவட்ட அரம், வெளியே தட்டை அரம். ரப்பர் ரிங் இணைப்பானால் வெளிவிளிம்பைச் சுமார் 15 டிகிரி சாய்வாகத் தேய்க்க வேண்டும்; கூர்விளிம்பு ரிங்கைப் பள்ளத்திலிருந்து தள்ளிவிடும். கடைசியாக உள்விளிம்பில் பழந்துணியை ஒரு சுற்று ஓட்டுங்கள். ஒரு நூலிழை சிக்கினாலும் மறுபடி அரத்தை எடுங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் பிளேடு சீக்கிரம் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத் தாளில் சுற்றி வையுங்கள். மறுநாள் அறுக்கும்முன் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள். வெட்டுவாயில் எண்ணெய் ஒட்டினால் குழாயை ஒட்டும் பசையான சொல்யூஷன் பிடிக்காது.