வீட்டுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு: எப்போது பக்கத்தில் உட்காருவது, எப்போது எழுந்து போவது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். முதலில் காலை முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன், இரண்டு பேருக்கும் அலுத்துப்போனது. அப்புறம் எல்லாவற்றையும் அவளிடமே விட்டேன். ஒரு பயிற்சி முழுவதும் (−3) × (−4) = −12 என்கிற மாதிரியே தப்பாகப் போட்டு வைத்திருந்தாள், 12 என்று வர வேண்டும். சொல்லித்தராமல் விட்டது என் தப்பு. இப்போது செய்வது இதுதான்.

1. ஞாயிறு மாலை அடுத்த வாரப் பக்கங்களைப் புரட்டுங்கள். புதிதாக வருவதன் பக்கத்தில் பென்சிலால் 'சேர்ந்து' என்றும், தெரிந்ததையே பழகுவதற்குத் 'தனியாக' என்றும் எழுதுங்கள். தமிழ் என்றால் தனியாக, கணக்கு என்றால் சேர்ந்து என்று பாடவாரியாகப் பிரிக்காதீர்கள், ஒரே பாடத்துக்குள் இரண்டும் இருக்கும்.

2. 'சேர்ந்து' என்பதிலிருந்து 'தனியாக' என்பதற்குக் கைமாற்றும் இடத்தில் அவசரம் வேண்டாம். 2 × (−4) = −8, 1 × (−4) = −4, 0 × (−4) = 0 என்று கீழே கீழே எழுதி, "ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு கூடுது? அடுத்த வரி என்ன?" என்று கேளுங்கள். நான்கு நான்காகக் கூடுவதைப் பார்த்துவிட்டால் (−1) × (−4) = 4 என்று பிள்ளையே சொல்லும். பிறகு ஒரு கணக்கை அது நமக்கு விளக்க வேண்டும். விளக்க முடிந்தால் தனியாக ஐந்தே ஐந்து, அதைத் திருத்திய பிறகுதான் மீதி.

3. தனி நேரத்தை 20 நிமிடத்தில் தொடங்குங்கள். சிக்கினால் எடுத்துக்காட்டை மறுபடி படிக்கட்டும், அப்போதும் வராவிட்டால் கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். அடுப்படியிலிருந்து விடையைச் சொல்லிவிடாதீர்கள், எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதச் சேர 14 வயது ஆக வேண்டும், அதற்குள் புத்தகத்தோடு தனியாக உட்காரும் பழக்கம் வந்தாக வேண்டுமே.

4. மாதம் ஒரு பெரிய வேலை, முழுக்க அவர்களுடையது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் ஆங்கிலேயர் தலைமையிடம் நம் கடலூர் தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டைக்கு வந்தது, 1752 வரை இங்கேதான். "ஏன் இங்கே?" என்ற கேள்வியை மட்டும் கொடுத்தேன். கெடிலம் ஆற்றையும் கடலையும் வைத்து வரைபடம் போட்டுக்கொண்டு வந்தாள்.

5. வெள்ளிக்கிழமை நோட்டைப் பாருங்கள். ஒரே பக்கத்தில் மூன்று கேள்விக்குறி இருந்தால் திட்ட வேண்டாம், திங்கட்கிழமை அந்தப் பகுதியை மறுபடி 'சேர்ந்து' என்று மாற்றி எழுதிவிடுங்கள்.