தலைவலி இல்லாமல் காஃபீனைக் குறைப்பது எப்படி: நான்கு வாரச் செய்முறை

தினமும் நான்கைந்து கப் காபி குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டாம் நாள் மண்டை பிளக்கும். மூன்றாம் நாள் பழைய அளவுக்கே திரும்பிவிடுவார். இதற்கு மன உறுதியைக் குறை சொல்வது அநியாயம். எவ்வளவு குடிக்கிறோம் என்ற கணக்கே இல்லாமல் குறைப்பதால்தான் இப்படி ஆகிறது.

உடல் களைத்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அடினோசின். அது போய் உட்கார வேண்டிய ஏற்பிகளில், அதாவது செய்தியை வாங்கும் இடங்களில், காஃபீன் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு அப்படியே இருக்கும். செய்திதான் போய்ச் சேராது. இது நாள்தோறும் நடந்தால் மூளை ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று காஃபீன் வராத நாளில் அத்தனை ஏற்பிகளிலும் அடினோசின் ஏறிவிடும், மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும், தலை இடிக்கும். கூடிய ஏற்பிகள் குறைய நாள் பிடிக்கும் என்பதால்தான் இந்தச் செய்முறைக்கு நான்கு வாரம்.

உங்களுக்கு இது தேவையா?

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளில் 400 மி.கி., ஒரே வேளையில் 200 மி.கி. வரை பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு ஒரு நாள் முழுவதற்குமே 200 மி.கி.தான். இந்த அளவுக்குள் இருந்தும் படபடப்பு, கை நடுக்கம், நெஞ்செரிச்சல், காரணமில்லாத பதற்றம், நடு இரவில் விழிப்பு என்று இருந்தால் உங்கள் வரம்பு அதைவிடக் கீழே இருக்கிறது என்று பொருள். உடலுக்கு உடல் இது பெரிதும் மாறும்.

லித்தியம், க்ளோசபின் ஆகிய மனநல மருந்துகளை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் காஃபீனைக் குறைக்கக் கூடாது. காஃபீன் குறையும்போது ரத்தத்தில் லித்தியம் ஏறும், க்ளோசபின் இறங்கும். இரண்டுமே ஆபத்து.

படி 1: கப்பை எண்ணாதீர்கள், பொடியை நிறுங்கள்

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். "ஒரு கப் காபியில் 95 மி.கி." என்று எங்கு பார்த்தாலும் போட்டிருக்கும். எந்தக் கப், எவ்வளவு பொடி, எந்தக் கொட்டை என்று யாரும் சொல்வதில்லை. 15 கிராம் பொடி போட்டு இறக்கிய கப்பில் 150 மி.கி. தாராளமாக இருக்கும். நான்கு கப் குடிப்பவர் 380 என்று நினைத்துக்கொண்டு 600 குடித்துக்கொண்டிருப்பார்.

மூன்று நாட்கள் எதையும் குறைக்காமல், குடிப்பதை மட்டும் எழுதுங்கள். தோராயக் கணக்கு இது (அராபிக்கா, ரோபஸ்டா இரண்டும் காபிக் கொட்டை வகைகள்):

- அராபிக்கா பொடி: கிராமுக்கு 10 மி.கி.
- ரோபஸ்டா பொடி: கிராமுக்கு 20 மி.கி.
- இன்ஸ்டன்ட் காபி: 2 கிராம் கொண்ட ஒரு தேக்கரண்டிக்கு 60 மி.கி.
- கறுப்புத் தேயிலை: ஒரு கப்புக்கு 40 முதல் 50 மி.கி.
- கோலா, 355 மி.லி. கேன்: 35 மி.கி. அளவில்
- எனர்ஜி டிரிங்க், 250 மி.லி. கேன்: 80 மி.கி.

கலவைப் பொடி என்றால் உறையில் ரோபஸ்டா எத்தனை சதவீதம் என்று பாருங்கள். குறைக்கும் நாலு வாரமும் ஒரே பொடியில் இருங்கள். அராபிக்காவிலிருந்து ரோபஸ்டா கலந்த பொடிக்கு மாறினால், கிராம் அளவைக் குறைத்தும் காஃபீன் கூடிவிடும்.

இதற்கு 0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். கைபேசிச் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவையும் கப்பைத்தான் எண்ணுகின்றன. தராசும் ஒரு நோட்டும் மேல்.

படி 2: கடைசிக் கப்பில் தொடங்குங்கள்

காஃபீனின் அரைவாழ்வு, அதாவது உடலில் அது பாதியாகக் குறையும் நேரம், சராசரியாக 5 மணி நேரம். மாலை 4 மணிக்கு 200 மி.கி. குடித்தால் இரவு 9 மணிக்கு 100 மி.கி., அதிகாலை 2 மணிக்கு 50 மி.கி. உடலில் மிச்சம். தூக்கம் வந்தாலும் ஆழம் இருக்காது. மறுநாள் அசதி, அசதிக்கு இன்னொரு கப். இந்தச் சுழலை உடைக்காமல் காலைக் கப்பில் கை வைத்துப் பயனில்லை.

எனவே முதல் வாரம் நாளின் கடைசிக் கப்பை மட்டும் முழுக்க டிகாஃப் (காஃபீன் நீக்கிய காபி) ஆக்குங்கள். வேறெதையும் தொடாதீர்கள். அதன்பின் காஃபீனுள்ள எதையும் தூங்கப் போவதற்கு 8 மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

படி 3: கப் அப்படியே இருக்கட்டும், உள்ளே இருப்பதை மாற்றுங்கள்

தலா 15 கிராம் அராபிக்காவில் நான்கு கப், அதாவது 600 மி.கி. குடிப்பவருக்கான கணக்கு:

- வாரம் 1: மூன்று கப் பழையபடி, நான்காவது டிகாஃப். மொத்தம் 450 மி.கி.
- வாரம் 2: மூன்று கப்பிலும் 12 கிராம் வழக்கமான பொடி, 3 கிராம் டிகாஃப். 360 மி.கி.
- வாரம் 3: 9 கிராமும் 6 கிராமும். 270 மி.கி.
- வாரம் 4: 7 கிராமும் 8 கிராமும். 210 மி.கி.

நான்காவது கப் எல்லா வாரமும் டிகாஃப்தான். டிகாஃபிலும் கப்புக்குச் சில மில்லிகிராம் இருக்கும். இந்தக் கணக்கில் அதை விட்டுவிடலாம். உங்கள் தொடக்க அளவு வேறாக இருந்தால், வாரத்துக்குக் கால் பங்குக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பொடியையும் ஒரே டப்பாவில் கொட்டிக் கலந்து வைக்காதீர்கள். அரைப்பின் பருமன் வேறானால் நுண்ணிய பொடி அடியில் தங்கிவிடும். ஒரு நாள் கப்பில் காஃபீன் கூடும், மறுநாள் குறையும், குறைந்த நாளில் தலை வலிக்கும். கப்புக்குக் கப்பு தனித்தனியாக நிறுத்துப் போடுங்கள். கரண்டிக் கணக்கும் வேண்டாம். சுவை இறங்கியது போலிருந்தால் வழக்கமான பொடியைக் கூட்டாமல் டிகாஃபை 2 கிராம் கூட்டுங்கள்.

காபியை விட்டு நேரே தேநீருக்குத் தாவச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மணமும் சூடும் கசப்பும் அதே நேரத்தில் கிடைத்தால் பழக்கம் முரண்டு பிடிக்காது. அதற்கு டிகாஃப் கலவைதான் சரி.

படி 4: தலைவலி வந்தால்

கடைசியாகக் காஃபீன் உள்ளே போய் 12 முதல் 24 மணி நேரத்தில் அறிகுறிகள் தொடங்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சம் தொடும், 2 முதல் 9 நாள் நீடிக்கலாம். தலைவலி, தூக்கக் கலக்கம், எரிச்சல், குமட்டல், உடம்புவலி எல்லாம் சேர்ந்து வருவதால் சளிக்காய்ச்சல் என்றே நினைத்துவிடுவோம்.

தாங்க முடியாவிட்டால் முழுக் கப் குடிக்க வேண்டாம். 3 கிராம் பொடியில் இறக்கிய சின்னக் கப் ஒன்று, சுமார் 30 மி.கி., குடித்து ஒரு மணி நேரம் பாருங்கள். அந்த வாரத்தின் அளவிலேயே இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

மாத்திரை போடுவதற்கு முன் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பாராசிட்டமால் கலவை மாத்திரைகள் சிலவற்றில் ஒன்றுக்கு 65 மி.கி. காஃபீன் இருக்கிறது. இரண்டு போட்டால் 130 மி.கி.; வாரம் முழுக்கக் குறைத்தது ஒரே விழுங்கில் திரும்பி வந்துவிடும்.

கேள்விகள் வந்தபின் சேர்த்தவை

*விடுமுறை நாளில் மட்டும் தலைவலி:* வேலை நாளில் காலை 7 மணிக்குக் குடிப்பவர் விடுமுறையில் 11 மணிவரை தூங்கினால் இடைவெளி நாலு மணி நேரம் கூடிவிடுகிறது. முதல் கப்பின் நேரத்தை எல்லா நாளும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

*சேர்ந்தாற்போல் புகையையும் விடுபவர்கள்:* புகைப்பவரின் கல்லீரல் காஃபீனை வேகமாக வெளியேற்றும். புகையை விட்டதும் அந்த வேகம் போய்விடும். அதே காபி ஏறக்குறைய இரட்டிப்பாக வேலை செய்யும். படபடப்பைப் புகையை விட்டதன் விளைவு என்று நினைத்து மீண்டும் பற்றவைத்துவிடாதீர்கள். காபியை உடனே பாதியாக்குங்கள்.

*இலையை ஊறவைத்து முதல் 30 நொடியில் இறங்கும் தேநீரைக் கொட்டிவிட்டால் போதுமா?* போதாது. அந்த நேரத்தில் இறங்குவது காஃபீனில் சிறு பங்குதான். குறைக்க வேண்டுமென்றால் இலையின் எடையைக் குறையுங்கள்.

*இரும்புச்சத்து, தைராய்டு மாத்திரை:* இரண்டின் உறிஞ்சலையும் காபி தடுக்கும். டிகாஃபும் இரும்புச்சத்தைத் தடுக்கும், ஏனெனில் அதைச் செய்வது காஃபீன் இல்லை, பாலிஃபீனால்கள். மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.