சோற்றை விடாமல் தொந்தியைக் குறைத்தது

ஐம்பது தாண்டினால் கொழுப்பு சேரும், தசை கரையும். சோற்றை விடச் சொன்னார்கள்; நெல் விளையும் கிளிநொச்சியில் அது நடக்கிற காரியமா? அளவைப் பாதியாக்கி, மிச்ச இடத்தில் குளத்து மீனும் முருங்கையிலை வறையும் வைத்தேன். எடை குறையும்போது தசையைக் காக்க உதவுவது மீன், பயறு, முட்டையிலுள்ள புரதம்.

இரவுக்குக் குரக்கன் (கேழ்வரகு) புட்டு. வறுத்த மாவில் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் குழைக்க வேண்டும், அவசரப்பட்டால் களிதான். நார்ச்சத்து இருப்பதால் கொஞ்சத்திலேயே வயிறு நிரம்பும். தேங்காய்ப்பூவை அள்ளிக் கொட்டினால் கணக்குத் தப்பும்.

பெரிய வில்லன் தேத்தண்ணீர்ச் சீனி. இரண்டு தேக்கரண்டி வீதம் ஐந்து தரம் குடித்தால் 40 கிராம், அதாவது 160 கலோரி. இப்போது பனங்கட்டியில் சின்னத் துண்டைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணீர். அதுவும் இனிப்புத்தான், அளவுதான் குறைவு. காற்சட்டைக்கு இப்போது பெல்ட் தேவைப்படுகிறது.