சங்கத்துப் பணம் நலமா என்று பார்க்கும் விதம்
ஈரோட்டில் எங்கள் கட்டடப் பொறியாளர் சங்கத்துக்கு நான் ஆறு வருடம் பொருளாளர். பொறுப்பேற்றதும் பாஸ்புக்குக்கு முன்னால் சந்தா பாக்கிப் பட்டியலை எடுங்கள். கோபி, பவானிப் பக்கம் வண்டியெடுத்துப் போய் நேரில் கேட்டேன். பாதிப்பேர் அன்றே கட்டினார்கள்.

அப்புறம் ஆயுள் சந்தா, அதாவது உறுப்பினர் ஆயுளுக்கும் சேர்த்து ஒரே தடவையில் கட்டும் பணம். வரவு மாதிரித் தெரியும். ஆனால் அந்த உறுப்பினருக்குக் கடைசிவரை நாம் செய்ய வேண்டிய வேலைக்கான பணம் அது. எங்கள் சங்கத்தில் ஒருமுறை அதை எடுத்துக் கூட்டப் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் செலவழித்துவிட்டார்கள். அடுத்த வருடம் அலுவலக வாடகைக்கே கைமாற்று. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. வைப்புநிதியில் போட்டு, வட்டியை மட்டும் தொடுங்கள்.

ஆறு மாதச் செலவுக்குத் தனிக் கையிருப்பு வேண்டும். மார்ச் 31 கணக்கைத் தணிக்கை செய்து, பொதுக்குழுவில் வரிவரியாக வாசித்து, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். கேள்வி கேட்பவரை உட்காரச் சொல்லாதீர்கள்.